சென்னைத் தொட்டியில் சோற்றுக்கற்றாழை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே கற்றாழை தொங்குகிறது. திருஷ்டிக்காகக் கட்டியது, கூடவே ஒரு படிகாரக் கட்டியும் இருக்கும். வேர் மேலே, இலை கீழே. மண் கிடையாது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. இருந்தும் மாதக்கணக்கில் பச்சை மாறாமல் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கும் இலைகளின் நுனி மெல்ல வளைந்து வானத்தைப் பார்க்கவும் திரும்பிவிடுகிறது. அதே வீடுகளின் மொட்டை மாடியில் நல்ல தொட்டி, நல்ல மண், தினம் ஒரு சொம்புத் தண்ணீர் என்று சீராட்டி வளர்க்கும் கற்றாழையோ கார்த்திகை பிறப்பதற்குள் அழுகிப்போகிறது.

நங்கநல்லூரில் பல வருடங்களாக மாடியில் கற்றாழை வளர்க்கிறேன். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கற்றாழை வாடினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் இலையில் தெரியும் கோலம் வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும். அடியில் தோண்டினால் பெரும்பாலும் ஒரே கதைதான்: வேருக்குக் காற்று இல்லை. வாசலில் தொங்கும் செடிக்கு மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஆனால் காற்று மட்டும் தாராளமாக இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லா வைத்தியமும் தானாகப் புரியும்.

சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் ஓமன் நாட்டின் ஹஜர் மலைப்பகுதி. கல்லும் சரளையுமான தரை; எப்போதோ பெய்யும் மழை; பெய்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் சரிவு. அங்கே பழகிய செடி பகலில் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு தயாரிக்கும். கடும் வறட்சியில் இரவிலும் திறக்காமல், உள்ளே இருக்கும் வாயுவையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உயிரைப் பிடித்துக்கொள்ளும். நாம் சோறு என்று சொல்லும் உள்சதையில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். இப்படிப்பட்ட செடியை ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற, அதிலும் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிற சென்னையில் வைத்திருக்கிறோம். மழையில்லாத நாளிலும் கடற்காற்றின் ஈரம் தொட்டியைச் சீக்கிரம் காயவிடுவதில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மருந்து தேடும் முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள்

தென்னந் துடைப்பத்திலிருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் அடி காயவில்லை. மேல்மண் புழுதியாக இருப்பதை நம்பவே கூடாது. சென்னை வெயிலில் மேலே இரண்டு அங்குலம் ஒரே நாளில் காயும், கீழே பல நாள் ஈரம் இருக்கும்.

அடுத்தது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றிய அன்று ஒரு முறை தூக்கிப் பார்த்து வைத்தால், காய்ந்த தொட்டியின் கனம் கைக்குத் தானே தெரிந்துவிடும்.

மூன்றாவது, செடியின் அடியைப் பிடித்து லேசாக அசைப்பது. வேர் நன்றாக இருந்தால் மண்ணோடு சேர்ந்து அசையும். பல் ஆடுவது போலத் தனியே ஆடினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். ஊற்றும் தண்ணீர் அனைத்தும் அழுகலுக்குத்தான் போகிறது.

அடி இலை மஞ்சளாகி, கண்ணாடி போல ஆகி, தொட்டால் குழைகிறது

சென்னையில் கற்றாழை சாவதற்கு முதல் காரணம் இதுதான். வேரழுகல். நீர் நிரம்பிய மண்ணில் வேர் மூச்சுத் திணறி இறக்கும். இறந்த வேரில் பித்தியம், ஃபியூசேரியம் போன்ற நோய்க்கிருமிகள் புகுந்து தண்டுக்கு ஏறும். அடி இலைகள் முதலில் வெளிறி, பிறகு ஈரக் காகிதம் போல ஒளி ஊடுருவும்படி ஆகி, கடைசியில் ஒரு கெட்ட வாடையோடு கையோடு வந்துவிடும்.

தண்ணீரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஒரே ஒரு இலை மட்டும் மஞ்சளாகி, செடி ஆடாமல் உறுதியாக இருந்தால் அது சரி. இரண்டு மூன்று இலைகள் குழைந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். அன்றே செடியை வெளியே எடுங்கள்.

மண்ணை உதறி வேரைப் பாருங்கள். வெளுத்தோ இளமஞ்சளாகவோ கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். கறுத்து, தோல் தனியே உருவிக்கொண்டு வருவது செத்த வேர். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் செத்ததை முழுவதும் வெட்டி எறியுங்கள். தண்டின் அடியும் பழுப்பாக இருந்தால் அதையும் சீவுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பு வட்டம் கொஞ்சம்கூடத் தெரியாத வரை மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். இங்கே மனசு வராமல் பாதியில் நிறுத்தியவர்கள்தான் இரண்டாம் முறையும் செடியை இழக்கிறார்கள். எனக்கு அப்படி இரண்டு செடிகள் போயிருக்கின்றன.

வெட்டிய பின் கழுவத் தேவையில்லை. வெட்டுமுகத்தில் மஞ்சள் தூள் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம்; ஆனால் உண்மையான மருந்து காயவிடுவதுதான். நிழலில், காற்றோட்டமான இடத்தில், செய்தித்தாள் மேல் ஐந்து முதல் ஏழு நாள் படுக்கவைத்துவிடுங்கள். மழைக்காலமானால் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே பத்து நாள். வெட்டுமுகம் தோல் கட்டி, கட்டையைத் தொடுவது போல உலர்ந்திருக்க வேண்டும். இத்தனை நாளில் செத்துவிடாதா என்று பயப்படுகிறவர்களை நான் வாசலுக்குக் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொல்வேன்.

இனி மண். நம் ஊரில் செடி விற்கும் இடங்களில் கற்றாழையைப் பெரும்பாலும் கறுப்பு உறையில் இறுக்கிய செம்மண்ணிலோ, தென்னைநார்க் கழிவு உருண்டையிலோ வைத்துத் தருகிறார்கள். செம்மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் சேறு. நார்க்கழிவு பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் கற்றாழைக்கு ஆகாது. வாங்கி வந்த வாரமே மாற்றிவிடுங்கள். என் கலவை இது: செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு அரைப் பங்கு, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைச் சலித்து, கழுவி, மாவு போன்ற தூளைப் போக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். பூச்சு வேலைக்கு வரும் பொடி மணல் சிமென்ட் மாதிரி இறுகும், அது வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்கள் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் அள்ளி வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உப்பு வேரைப் பொசுக்கிவிடும்.

தொட்டியைத் திருப்பி ஓட்டையைப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டிகளில் ஓட்டைக்கான வட்டம் மட்டும் பதிந்திருக்கும், திறந்திருக்காது. எத்தனையோ அழுகலுக்குக் காரணம் அந்த மூடிய வட்டம்தான். அடியில் வைக்கும் தட்டையும் எடுத்துவிடுங்கள். என் தேர்வு எப்போதும் மண் தொட்டி; அதன் சுவரே ஈரத்தை வெளியே விடும். வேர்ப்பகுதியைவிட ஓரிரு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சின்னச் செடியை வைத்தால் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து புளிக்கும்.

நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் கூடாது. அதன்பின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம். மூன்று நான்கு வாரம் கழித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் விட்டுவிட்டது.

இதே அழுகலின் கொடிய வகை ஒன்று உண்டு. புழுக்கமும் மழையும் சேர்ந்த நாட்களில் இலை திடீரென்று பலூன் போல உப்பி, உள்ளே கூழாகி, இரண்டு மூன்று நாளில் மொத்தச் செடியும் சரிந்துவிடும். அது பாக்டீரியா அழுகல். அதற்கு வைத்தியம் பார்க்காமல் செடியையும் மண்ணையும் கட்டிக் குப்பையில் போட்டு, கத்தியையும் தொட்டியையும் கொதிநீரில் கழுவி, பக்கத்துத் தொட்டிகளைத் தள்ளி வையுங்கள்.

இலை மெலிந்து, ஓரம் உள்பக்கம் மடங்கி, கரண்டி போலக் குழிந்திருக்கிறது

கீழ் வீட்டு மாமி ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். “இலை சுருங்கறதேன்னு காலையும் சாயந்தரமும் தண்ணி விட்டேன்டிம்மா, அப்படியும் தேறல.” பார்க்கிற யாருக்கும் அது தாகம் என்றுதான் தோன்றும். செடியை அசைத்தேன், ஆடியது. வேர் அழுகியதால் தண்ணீர் உறிஞ்ச வழியில்லாமல், வெள்ளத்துக்கு நடுவே அந்தச் செடி தாகத்தில் கிடந்தது.

இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் நேரெதிரான இரண்டு காரணங்கள். அதனால்தான் மூன்று சோதனைகளை முதலில் சொன்னேன். ஈர்க்கு காய்ந்து வந்து, தொட்டி கனமில்லாமல், செடி உறுதியாக நின்றால் உண்மையான தாகம். அடி ஓட்டை வழியே வடியும் வரை ஒரு முறை நன்றாக ஊற்றுங்கள்; இரண்டு மூன்று நாளில் இலை பருத்துவிடும். மண் கல்லாக இறுகி, ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடுகிறது என்றால் தொட்டியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் உட்காரவைத்து எடுங்கள். ஈர்க்கில் மண் ஒட்டினால், அல்லது செடி ஆடினால், மேலே சொன்ன அறுவை வைத்தியம்தான்.

மாமியின் செடியில் தண்டு கொஞ்சம் மிஞ்சியிருந்தது, பிழைத்தது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை ஊற்றுவது என்று கேட்பார்கள். எட்டு அங்குல மண் தொட்டி, மாடி வெயில் என்ற கணக்கில் என் பழக்கம்: மார்ச் முதல் ஜூன் வரை ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை, ஜூலை முதல் செப்டம்பர் வரை பத்து நாளுக்கு ஒரு முறை, மாலை மழை பெய்தால் அதுவும் இல்லை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் ஊற்றுவதே இல்லை, ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கிழமையைவிட ஈர்க்கை நம்புங்கள். ஊற்றினால் முழுவதும் ஊற்றுங்கள், பிறகு முழுவதும் காயவிடுங்கள். தினம் ஒரு டம்ளர் என்று நனைத்துக்கொண்டே இருப்பதுதான் மிக மோசம்.

இலை செம்பழுப்பாக மாறிவிட்டது

குழையாமல், கெட்டியாகவே இருந்து, நிறம் மட்டும் செம்பு போல ஆகியிருந்தால் அது வெயில். பாலைவனச் செடிக்கு வெயில் என்ன செய்யும் என்று தோன்றலாம். செடி விற்கும் இடத்தில் பச்சை வலைக்கடியில் இருந்ததைக் கொண்டுவந்து நேரே அக்னி நட்சத்திர மாடியில் வைத்தால் எந்தச் செடியும் திணறும். தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு நிறமியை இலையில் ஏற்றிக்கொள்கிறது. அது நோயில்லை. மதிய வெயில் படாத இடத்துக்கு மாற்றினால் சில வாரங்களில் பச்சை திரும்பும்.

வெள்ளையாகவோ பழுப்பாகவோ காய்ந்த திட்டு விழுந்துவிட்டால் அந்த இடம் வெந்துவிட்டது, அது திரும்பாது. அதற்காக இலையை வெட்டவும் வேண்டாம், மிச்சப் பகுதி செடிக்கு உழைக்கும்.

மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் சூடு. சிமென்ட் தரை அதைவிடக் கொதிக்கும். கறுப்புப் பையில் தரையோடு வைத்த செடியின் வேர் அங்கே வேகும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்து, ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயில் மட்டும் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும்படி கைப்பிடிச் சுவர் ஓரமாகவோ, ஐம்பது சதவீதப் பச்சை வலைக்கடியிலோ நகர்த்துங்கள். புதுச்செடியை வெயிலுக்குப் பழக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிறி, நீண்டு, இலைகள் தட்டையாகப் படுத்துவிட்டன

வெளிச்சம் போதவில்லை. அடுக்குமாடி வீட்டின் உள்பக்க பால்கனியிலும் வரவேற்பறை மேஜையிலும் வைத்த கற்றாழை இப்படித்தான் ஆகும். ஜன்னலை ஒட்டி நகர்த்தி, பிறகு மெல்ல வெயிலுக்குக் கொண்டுபோங்கள். படுத்த இலை நிமிராது. புது இலைகள் நேராக வரும். இருட்டு மூலையில் இருக்கும் செடிக்குத் தண்ணீரும் பாதியாகக் குறைய வேண்டும், ஏனென்றால் அங்கே மண் காயாது.

நுனி மட்டும் காய்ந்து, தொட்டி ஓரத்தில் வெள்ளை படிகிறது

இதைப் பலர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்றக் கூடும். ஏனென்றால் கோளாறே தண்ணீரில்தான்.

சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. கடலோரப் பகுதிகளில் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குத் தண்ணீரை வீணடிக்க எப்படி மனசு வரும்? ஆனால் அந்த இயந்திரம் பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தக் கழிவு நீரில்தான். அதை வீடு துடைக்க, குளியலறை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஊற்றினால் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். மண் தொட்டியின் வெளிச்சுவரில் பூக்கும் வெண்படலம் அதுதான். உப்பு கூடக் கூட வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போகும்; செடியின் கடைசி முனையான இலை நுனி முதலில் காயும்.

சரிசெய்ய, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள். பிறகு முழுவதும் காயும் வரை தொடாதீர்கள். மழைத் தண்ணீர் இதற்கு மிகச் சிறந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாய்க்கடியில் மழை நாளில் இரண்டு குடம் பிடித்து வைத்தால் போதும். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது. காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது. அழகுக்கு வளர்க்கும் செடிகளுக்கு நான் அதை ஒரு வாளியில் பிடித்து ஊற்றுகிறேன். சாப்பிடவோ தலைக்குத் தேய்க்கவோ வெட்டும் செடிக்கு மழைநீர்தான்.

வெள்ளை மிகக் கெட்டியாகப் படிந்திருந்தால் கழுவிப் பயனில்லை. மண்ணை மாற்றிவிடுங்கள். காய்ந்த நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கலாம். உயிருள்ள பச்சையில் கத்தி படாமல் ஒரு நூல் அளவு காய்ந்த பகுதியை விட்டு வெட்டுங்கள்.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு

மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைச் சுரக்கும். அதற்காக எறும்பு அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி சுமந்தும் போகும். எனவே எறும்பு வரிசை தெரிந்த அன்றே இலை இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். பால், சர்க்கரை சேர்த்த டீத்தூளைத் தொட்டியில் கொட்டும் பழக்கம் எறும்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். அரிசி களைந்த தண்ணீரும் கற்றாழைக்கு வேண்டாம்; அதன் மாவு மண்ணில் புளித்துச் சிறு ஈக்களைக் கொண்டுவரும். இந்தச் செடிக்கு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமே விருந்து.

கொஞ்சமாக இருந்தால் பஞ்சைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்டு, பூச்சியின் மேல் வைத்துத் துடைத்து எடுங்கள். பரவியிருந்தால் குழாயை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, செடியைச் சாய்த்து இடுக்குத் தண்ணீரை வடித்து, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலப்பதற்குச் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். வெயிலில் தெளித்தால் எண்ணெய் பட்ட இடம் பொசுங்கும். வாரம் ஒன்றாக மூன்று முறை. முட்டையிலிருந்து புதிதாகப் பொரிப்பவை இருக்கும் என்பதால் ஒரு முறையோடு நிறுத்திவிடக் கூடாது. மேலே ஒன்றும் இல்லாமல் செடி நோஞ்சானாகவே இருந்தால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேரிலும் வெள்ளை மாவு போல இந்தப் பூச்சி குடியிருக்கும்.

புள்ளிகள்

இளஞ்செடியின் இலையில் இருக்கும் வெள்ளைப் புள்ளி இயற்கை. வளர வளர மறையும். அதற்கு மருந்து அடித்தவர்கள் உண்டு.

நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் பழுப்பு மேடு செதில் பூச்சி. பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டு மாவுப்பூச்சி வைத்தியமே செய்யுங்கள். மழைக்குப் பின் வட்டமாக, அமுங்கி, கறுப்பாகத் தோன்றி நாளுக்கு நாள் பெரிதாவது பூஞ்சை. பாதித்த இலையை அடியோடு எடுத்துவிட்டு, செடிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள். இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

இலையிலோ பூந்தண்டிலோ மரு மருவாக, காலிஃபிளவர் போலப் புடைத்து வளர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேனின் வேலை. ஆரம்பமானால் அந்தப் பகுதியை வெட்டி எரித்துவிடலாம். பரவிவிட்டால் செடியையே விட்டுவிடுவது மற்ற செடிகளுக்கு நல்லது.

வெட்டினால் மஞ்சளாக வடிகிறது, கை அரிக்கிறது

நோய் இல்லை. தோலுக்கும் சோற்றுக்கும் நடுவில் ஓடும் கசப்புப் பால் அது. அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டுமருந்துக் கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்று கிடைப்பது. சுளுக்குக்குப் பற்றுப் போட ஊரில் பயன்படுத்துவார்கள். வயிற்றுக்குள் போனால் கடுமையாகப் பேதியாகும். அமெரிக்காவில் கடைகளில் விற்ற கற்றாழைப் பேதி மருந்துகளை 2002இல் நிறுத்தச் சொன்னார்கள். எனவே கவனமாக இருங்கள். வெளிவட்டத்து முதிர்ந்த இலையை மட்டும் அடியோடு எடுத்து, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி பதினைந்து நிமிடம் சாய்த்து நிறுத்தி மஞ்சள் பால் வடிந்தபின் தோல் சீவுங்கள். ஏழு தண்ணீரில் கழுவு என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். நாயோ பூனையோ இலையைக் கடித்தால் வாந்தியும் பேதியும் வரும். எட்டாத இடத்தில் வையுங்கள்.

சோறே இல்லை, நார் நாராக வருகிறது, நுனி முள் குத்துகிறது என்றால் உங்களிடம் இருப்பது வேறு செடி. ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை என்று சொல்வது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த நார்ச்செடி. அதன் சாறு தோலைப் புண்ணாக்கும், முகத்தில் தேய்த்துவிடாதீர்கள். சோற்றுக்கற்றாழை இலையை ஒடித்தால் சளக்கென்று உடைந்து கூழ் தெரியும். அதை இழுத்தால் நார் வராது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்

புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளை ஜன்னல் சன்ஷேடுக்கு அடியிலோ மாடிப்படி அறை ஓரத்திலோ சேர்த்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மாடியில் விட்ட செடிகளை வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நகர்த்த முடியாத பெரிய தொட்டியானால் இரு செங்கல் வைத்துச் சாய்த்துவிடுங்கள். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்காது. மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதிகளில் தரையில் நடுபவர்கள் ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் ஜல்லியும் மணலும் கலந்து மேடை கட்டி அதன்மேல் நடுங்கள்.

பூக்கவில்லை, கன்று விடவில்லை

பூக்கச் செடிக்கு மூன்று நான்கு வயதாவது ஆக வேண்டும், நல்ல வெயில் வேண்டும். வந்தால் நீண்ட தண்டில் மஞ்சள் பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும். தேன்சிட்டு தேடி வரும். வராவிட்டால் குறையொன்றும் இல்லை.

கன்று விடாததற்குப் பெரும்பாலும் நிழலோ, அளவுக்கு மீறிப் பெரிய தொட்டியோ காரணம். ஒற்றை இலையை மண்ணில் குத்தி வைத்தால் வளராது, அழுகும். கன்று மூலம்தான் பெருக்க வேண்டும். ஒரு கையளவு உயரமாகி, நான்கைந்து இலையும் சொந்த வேரும் விட்ட கன்றைத் தை, மாசியில் பிரித்தெடுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தாய்ச்செடியை மொத்தமாக வெளியே எடுத்து, மண்ணை உதறி, இணைப்பை அறுத்து, இரண்டு நாள் காயவிட்டு நடுங்கள். தாயின் வெட்டுக்காயமும் அதே இரண்டு நாள் காய வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிச் செடிக்காரர், வாங்குகிற ஒவ்வொருவரிடமும் “கத்தாழைக்குத் தெனம் தண்ணி ஊத்தாதம்மா, மண்ணு நல்லா காயட்டும்” என்று சொல்லித்தான் கொடுப்பார். நீங்களும் கன்றை யாருக்காவது கொடுக்கும்போது அதையே சொல்லிக் கொடுங்கள். கூடவே ஒரு தென்னை ஈர்க்கையும் தொட்டியில் செருகிக் கொடுங்கள்.